உரம் வைக்கும் முன் ஓலையைக் கேட்போம்

(தென்னை வைத்திருக்கும் குழு உறுப்பினர்களுக்காக நமது கூட்டமைப்பின் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



இன்றைக்கு நாம் பேசப்போவது தென்னைக்கு உரம் வைப்பதைப் பற்றி. "இது எங்களுக்குத் தெரியாததா?" என்று நீங்க நினைக்கலாம். நியாயம்தான். வட்டப்பாத்தி எடுப்பது, எருவைக் கூடையில் சுமப்பது, உரத்தைத் தூவி மண்ணை மூடுவது, தண்ணீர் கட்டுவது எல்லாம் நாமதான். ஆனா எந்த உரம், எத்தனை மூட்டை என்று முடிவு செய்வது யாரு? அனேகமா உரக்கடைக்காரர். இல்லாட்டி பக்கத்துத் தோப்புக்காரர் என்ன வாங்கினாரோ அதுவே நமக்கும்.

அந்த மூட்டைக்குப் பணம் எங்கிருந்து வருது? நம்ம குழுவின் உள்கடனில் இருந்து வருது. தோப்பின் பட்டா பெரும்பாலும் வீட்டுக்காரர் பேரில் இருக்கும். கடன் நோட்டில் இருப்பது நம்ம பேர். தவணை கட்டுவதும் நாம். அப்படின்னா, மூட்டைக்குள்ளே இருப்பது நம்ம மரத்துக்குத் தேவையா இல்லையா என்று கேட்கிற உரிமையும் நமக்கு இருக்கு. அதை மரத்திடமே கேட்க ஒரு வழி இருக்கு. அதற்குப் பேர் இலை ஆய்வு.

ஹெச்.பி. பார்ப்பது போலத்தான்

நம்ம வீட்டில் ஒரு பெண் மாசமாக இருந்தால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் நர்சம்மா முதலில் என்ன செய்றாங்க? விரலில் குத்தி ரத்தம் எடுத்து ஹெச்.பி. பார்க்கிறாங்க. 11-க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை என்று சொல்லி இரும்புச்சத்து மாத்திரை கொடுக்கிறாங்க. "வீட்டில் கீரை இருக்கா, பேரீச்சம்பழம் இருக்கா" என்று மட்டும் கேட்டுவிட்டு அனுப்புவதில்லை. வீட்டில் எவ்வளவு இருந்தாலும் அது உடம்பில் ஒட்டியதா என்பதை ரத்தம்தான் சொல்லும்.

மரத்துக்கும் அதே கதைதான். மண் பரிசோதனை என்பது வீட்டில் என்ன இருப்பு இருக்கு என்று பார்ப்பது. இலை ஆய்வு என்பது மரத்தின் உடம்பில் என்ன ஏறியிருக்கு என்று பார்ப்பது. மண்ணில் சத்து இருந்தும் மரத்தால் எடுக்க முடியாமல் போகலாம். தண்ணீர் பற்றாமல் இருக்கலாம். தண்ணீர் தேங்கி வேர் அழுகியிருக்கலாம். மண் உவராக இருக்கலாம். ஒரு சத்து மிதமிஞ்சிப் போய் இன்னொரு சத்தைத் தடுக்கலாம். தென்னையின் வேர் பக்கவாட்டில் பல அடி தூரம் பரவி நிற்கும். நாம் ஒரு முழம் தோண்டி எடுக்கிற மண் அதையெல்லாம் சொல்லிவிடாது. அதனால் மண் பரிசோதனையை விட்டுவிடச் சொல்லவில்லை. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால்தான் விவரம் முழுசாகத் தெரியும்.

கண்ணால் பார்த்தே சொல்ல முடியாதா?

ஓரளவுக்குச் சொல்லலாம். தழைச்சத்து குறைந்தால் மரம் முழுக்க வெளிறிப் போகும். சாம்பல் சத்து குறைந்தால் அடிமட்டைகளின் ஓலை நுனியும் ஓரமும் காய்ந்து கருகும். மக்னீசியம் குறைந்தாலும் அடிமட்டைதான் மஞ்சளாகும். ஆனால் வெயில் படுகிற இடம் மஞ்சளாகவும், நிழல் விழுகிற இடம் பச்சையாகவும் இருக்கும். போரான் குறைந்தால் குருத்தில் தெரியும். ஓலைகள் பிரியாமல் ஒட்டிக்கொள்ளும், நுனி தூண்டில் முள் மாதிரி மடங்கும், புது மட்டைகள் குட்டையாகி கொண்டை சிறுத்துப் போகும்.

ஆனால் இரண்டு சங்கடம் இருக்கு. முதலாவது, மஞ்சள் என்றாலே எல்லோரும் யூரியா என்கிறோம். தண்ணீர் குறைந்தாலும் மஞ்சள், தேங்கினாலும் மஞ்சள், நோய் வந்தாலும் மஞ்சள். இரண்டாவது, கண்ணுக்கு அடையாளம் தெரியும் முன்னாலேயே காய்ப்புக் குறைய ஆரம்பித்துவிடும். மரம் பார்க்கப் பச்சையாக நிற்கும், உள்ளுக்குள் பசியோடு இருக்கும். இதை மறைந்த பசி என்பார்கள்.

நம் உறுப்பினர் ஒருவரின் தோப்பில் நடந்ததைச் சொல்கிறோம். பேர் வேண்டாம் என்று அவர்களே கேட்டுக்கொண்டார்கள். காய்க்கிற மரங்கள், ஓலை நல்ல கரும்பச்சை. ஆனால் குரும்பை கொட்டிக்கொண்டே இருந்தது, மிஞ்சுகிற காயும் சிறுத்து ஒல்லிக்காயாக வந்தது. ஒவ்வொரு தடவையும் கடையில் யூரியாவைக் கூட்டச் சொன்னார்கள். போதாததற்கு பாட்டில் டானிக்கும் கொடுத்தார்கள். இலையை ஆய்வுக்கு அனுப்பிய பிறகுதான் விஷயம் தெரிந்தது. தழைச்சத்து தேவைக்கு மேலேயே இருந்தது. சாம்பல் சத்துதான் பாதியளவுக்கு இறங்கியிருந்தது. அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை: "பசிச்ச பிள்ளைக்குத் தண்ணியா குடுத்து வயித்தை ரொப்பியிருக்கேன்." அவர்கள் கடன் வாங்குவதை நிறுத்தவில்லை. வாங்குகிற மூட்டையை மாற்றினார்கள்.

தென்னையில் தவறுக்குத் தண்டனை தாமதமாக வரும்

நெல்லில் உரம் தப்பாகப் போனால் அந்தப் போகத்திலேயே தெரிந்துவிடும். தென்னை அப்படி இல்லை. ஒரு பாளை மரத்துக்குள்ளே கருவாக உருவாகி, வெளியே வந்து வெடித்து, குரும்பையாகி, முற்றிய தேங்காயாக இறங்க ஏறத்தாழ மூன்றரை ஆண்டு ஆகிறது. பாளை வெடித்த பிறகு காய் முற்றவே 11, 12 மாதம் ஆகும். அதனால் இந்த வருஷம் மரம் பட்டினி கிடந்தால் அதன் நஷ்டம் இரண்டு மூன்று வருஷம் கழித்துக் காய்ப்பில் தெரியும். அப்போது "போன மாசம் வச்ச உரம் சரியில்லை" என்று நாம் புலம்புவோம்.

நம்ம பக்கத்தில் இது இன்னும் முக்கியம். 2018 நவம்பரில் கஜா புயல் எத்தனை தோப்புகளைச் சாய்த்தது என்பதை யாரும் மறக்கவில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் பரம்பரையாக இருந்த மரங்கள் ஒரே ராத்திரியில் படுத்துவிட்டன. அதற்குப் பிறகு 2019-இல் வைத்த கன்றுகள் காய்க்கும் பருவத்துக்கு வந்துகொண்டிருக்கின்றன. இத்தனை வருஷம் வருமானமில்லாமல் வளர்த்திருக்கோம். பாளை விடுகிற நேரத்தில் சத்து தப்பினால், காத்திருந்ததெல்லாம் இன்னும் தள்ளிப் போகும்.

எந்த மட்டையை எடுப்பது?

கீழே விழுந்த பழுப்பு மட்டையை எடுக்கக்கூடாது. குருத்தையும் எடுக்கக்கூடாது. சில சத்துகள் பழைய மட்டையிலிருந்து இளம் மட்டைக்கு நகர்ந்து போகும். மட்டைக்கு மட்டை அளவு மாறும். அதனால்தான் எல்லோரும் ஒரே மட்டையை எடுக்க வேண்டும் என்று விஞ்ஞானிகள் வைத்திருக்கிறார்கள். காய்க்கிற தென்னையில் அது 14-ஆவது மட்டை.

எண்ணுவது எப்படி? குருத்துக்குப் பக்கத்தில், ஓலை முழுசாகப் பிரிந்த மட்டைதான் 1. அங்கிருந்து கீழ்நோக்கி 14 வரை எண்ண வேண்டும். மரத்தில் மட்டைகள் சுற்றிச் சுற்றி வருவதால் தரையில் நின்று எண்ணுவது குழப்பும். அதற்குச் சுலபமான அடையாளங்கள் இருக்கு:

வெடிக்கப் போகிற பாளை எந்த மட்டையின் கக்கத்தில் இருக்கோ, அது ஏறத்தாழ 9-ஆவது மட்டை.

புதிதாக வெடித்த பாளை இருப்பது 10-ஆவது.

கைமுட்டி அளவுக் காய்க்குலை எந்த மட்டையின் கக்கத்தில் இருக்கோ, அதுதான் 14-ஆவது. அது 9-ஆவது மட்டைக்குக் கிட்டத்தட்ட நேர் கீழே இருக்கும்.

இன்னும் காய்ப்புக்கு வராத இளமரமாக இருந்தால் வயதைப் பொறுத்து 4-ஆவது அல்லது 9-ஆவது மட்டையை எடுப்பார்கள். எதை எடுத்தோம் என்று கட்டாயம் எழுதி வைக்க வேண்டும்.

மாதிரி எடுக்கும் முறை

இதற்காக யாரும் தனியாக மரம் ஏற வேண்டாம். காய் பறிக்க ஆள் வருகிற அன்றைக்கே சொல்லி வைத்தால், 14-ஆவது மட்டையிலிருந்து நாலைந்து ஓலையை அறுத்துப் போடுவார். மட்டையை வெட்டத் தேவையில்லை.

1. ஒரே ரகம், ஒரே வயது, ஒரே மண், ஒரே தண்ணீர் உள்ள மரங்களை ஒரு பகுதியாக வைத்துக்கொள்ளுங்க. ஒரு பகுதிக்கு ஒரு மாதிரி. மேட்டு மணலும் தாழ்வான களியும் ஒரே தோப்பில் இருந்தால் இரண்டு மாதிரி.

2. குறுக்கும் நெடுக்குமாக நடந்து 20 முதல் 25 மரம் தேர்ந்தெடுங்க. மொத்த மரமே அதைவிடக் குறைவு என்றால் எல்லா மரத்திலும் எடுக்கலாம். மாட்டுக் கொட்டகை, எருக்குழி, ரோட்டு ஓரம், வரப்பு ஓரம், நோய் வந்த மரம் இவற்றை விட்டுவிடுங்க.

3. மட்டையின் நடுப்பகுதியில், இந்தப் பக்கம் மூன்று, அந்தப் பக்கம் மூன்று என ஓலை எடுங்க. பூச்சி அரித்தது, கிழிந்தது வேண்டாம்.

4. ஒவ்வொரு ஓலையிலும் நடுவில் ஒரு சாண் அளவுக்குள் (10 செ.மீ. போதும்) நறுக்கிக்கொண்டு, நுனியையும் அடியையும் தள்ளிவிடுங்க. நடு ஈர்க்கை உரித்து எடுத்துவிடுங்க. ஓரத்தையும் மெல்லிசாக நறுக்கிவிடுங்க. விளக்குமாறு கிழிக்கிற கைக்கு இது ஒரு வேலையே இல்லை.

5. ஈரப் பஞ்சால் அல்லது சுத்தமான ஈரத்துணியால் இரண்டு பக்கமும் துடைங்க. வெள்ளை ஈ தாக்கிய தோப்பில் ஓலைமேல் கருப்பாகப் பூசணம் படிந்திருக்கும், தூசியும் இருக்கும். அதெல்லாம் கணக்கைக் கெடுக்கும். நம்ம கையையும் முதலில் கழுவிக்கொள்ளணும். உரம் தொட்ட கை, உப்பு தொட்ட கை கூடாது.

6. காலை 7 மணியிலிருந்து 11 மணிக்குள் எடுங்க. பலத்த மழை பெய்திருந்தால் இரண்டு நாள் கழித்து எடுங்க. உரம் வைத்த கையோடு எடுக்க வேண்டாம். மரம் வறட்சியில் வாடி நிற்கும்போதும் வேண்டாம். நம்ம பகுதிக்கு மாசி, பங்குனி தோதான காலம். ஆடிக்கு முன்னால் உரம் வைக்கும்போது சீட்டு கையில் இருக்கும். அடுத்த தடவை எடுத்தாலும் அதே மாதத்தில் எடுங்க. அப்போதுதான் ஒப்பிட முடியும்.

7. நிழலில் உலர்த்தி, காகித உறையில் போடுங்க. பிளாஸ்டிக் பையில் போட்டால் வியர்த்துப் பூஞ்சை பிடிக்கும். பச்சையாக இருந்தால் அன்றே அல்லது மறுநாளே சேர்த்துவிடணும்.

8. உறைமேல் எழுத வேண்டியவை: பேர், ஊர், ரகம், மரத்தின் வயது, எடுத்த மட்டை, எடுத்த தேதி, கடைசியாக வைத்த உரம், தண்ணீர் வசதி. எழுத்து அழியாத பேனா அல்லது பென்சில் நல்லது.

சீட்டு வந்த பிறகு

ஆய்வுக்கூடத்தில் ஓலையைக் காயவைத்து, பொடியாக்கி, அமிலத்தில் கரைத்துச் சத்துகளை அளக்கிறார்கள். சீட்டில் நூற்றுக்கு இவ்வளவு என்று எண்ணாக வரும். தழைச்சத்து 2 என்றால், 100 கிராம் காய்ந்த ஓலையில் 2 கிராம் தழைச்சத்து இருக்கு என்று பொருள். நெட்டை ரகத் தென்னையில் 14-ஆவது மட்டையில் இருக்க வேண்டிய அளவுகள் ஏறத்தாழ இவை. இதைக் குழு நோட்டில் எழுதி வைத்துக்கொள்ளுங்க:

தழைச்சத்து: 1.8 முதல் 2.0
மணிச்சத்து: 0.12
சாம்பல் சத்து: 0.8 முதல் 1.0
மக்னீசியம்: 0.2 முதல் 0.3

ஒட்டு ரகங்களுக்குத் தழைச்சத்தும் சாம்பல் சத்தும் இதைவிடச் சற்று அதிகம் வேண்டும். அதனால்தான் ரகத்தை எழுதச் சொன்னோம்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு சீட்டில் தழைச்சத்து 2.1, மணிச்சத்து 0.12, சாம்பல் சத்து 0.55, மக்னீசியம் 0.24 என்று வருது. என்ன தெரியுது, சொல்லுங்க பார்ப்போம்? தழைச்சத்து போதும், யூரியாவைக் கூட்டக்கூடாது. மணிச்சத்தும் மக்னீசியமும் சரி. சாம்பல் சத்துதான் இறங்கிக் கிடக்கு. அப்போ கடன் பணம் பொட்டாஷுக்குப் போகணும்.

தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் ஐந்தாவது வருஷத்திலிருந்து ஒரு தென்னைக்கு ஒரு வருஷத்துக்குச் சொல்கிற பொது அளவு இது: தொழு உரம் 50 கிலோ, யூரியா 1.3 கிலோ, சூப்பர் பாஸ்பேட் 2 கிலோ, பொட்டாஷ் 2 கிலோ. இதை இரண்டாகப் பிரித்து, ஜூன்-ஜூலையில் ஒரு பாதி, டிசம்பர்-ஜனவரியில் ஒரு பாதி. மரத்தைச் சுற்றி 1.8 மீட்டர், அதாவது ஆறடி வட்டத்துக்குள் போட்டுக் கொத்தி மூட வேண்டும்.

25 அடி இடைவெளியில் வைத்தால் ஏக்கருக்கு 70 மரம். அப்படியானால் ஒரு தவணைக்கு ஏக்கருக்கு யூரியா 45 கிலோ சொச்சம். யூரியா மூட்டை இப்போது 45 கிலோ. ஆக, ஒரு ஏக்கருக்கு ஒரு தவணைக்கு ஒரே ஒரு மூட்டை! பொட்டாஷ் 70 கிலோ, சூப்பர் 70 கிலோ. இந்தக் கணக்கு நம் வாயில் இருந்தால், கடையில் "யூரியா மூணு மூட்டை எடுத்துக்கோம்மா" என்றால் "எதுக்குங்க மூணு?" என்று கேட்கலாம்.

சீட்டைப் பார்த்ததும் நாமே அளவைக் கன்னாபின்னா என்று மாற்றிவிடக் கூடாது. பொட்டாஷ் நல்லது என்று மிதமிஞ்சிப் போட்டால், மரம் மக்னீசியத்தை எடுப்பது குறைந்துபோகும். பொது அளவை அடிப்படையாக வைத்து, எதைக் கூட்டலாம், எதைக் குறைக்கலாம் என்று வேளாண்மை அலுவலரிடம் சீட்டைக் காட்டிக் கேளுங்க.

சாம்பல் சத்து ஏன் நம்ம தோப்பில் குறையுது?

இதற்கு இரண்டு காரணம் கண்முன்னே தெரியுது. ஒன்று விலை. யூரியாவின் விலையை அரசு கட்டுப்படுத்தி வைத்திருப்பதால் மலிவு. பொட்டாஷ் விலை அதைவிடப் பல மடங்கு. கையில் பணம் குறைவாக இருக்கிற பொம்பளை எதை வாங்குவா? யூரியா போட்டால் சீக்கிரம் பச்சையும் தெரியும், மனசும் ஆறும்.

இரண்டாவது, தென்னை மற்ற சத்துகளைவிடச் சாம்பல் சத்தைத்தான் அதிகம் தின்னும். காய்க்குள்ளே போகிற சாம்பல் சத்தில் பெரும்பங்கு உரிமட்டையில்தான் சேர்ந்திருக்கு. நாம் காயையும் விற்கிறோம், மட்டையையும் கயிறு ஆலைக்கு லாரியில் ஏற்றிவிடுகிறோம். மட்டைக்குக் கிடைக்கிற காசு நமக்குத் தேவைதான். கயிறு திரித்துப் பிழைக்கிற உறுப்பினர்களும் நம்மிடம் இருக்காங்க. ஆனால் லாரியில் போவது வெறும் மட்டை இல்லை என்பது நினைவில் இருக்கட்டும். எடுத்ததில் கொஞ்சமாவது திருப்பிக் கொடுக்கணும். விற்பனைக்குப் போகாத மட்டைகளைக் குழிந்த பக்கம் மேலே பார்க்கும்படி வட்டப்பாத்தியில் புதைத்தால் ஈரமும் நிற்கும், மெல்ல மெல்லச் சத்தும் இறங்கும். அடுப்புச் சாம்பலைக் குப்பையில் கொட்டாமல் மரத்துக்குக் கொண்டுபோகலாம்.

பாதாம் மரத்துக்கும் இதே முறைதான்

இலை ஆய்வு நம்ம தென்னைக்கு மட்டும் வந்த வித்தை இல்லை. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் பாதாம் தோட்டக்காரர்கள் ஜூலை மாதத்தில், காய் இல்லாத குறுங்கிளைகளில் இருந்து இலை பறித்து அனுப்புகிறார்கள். (பள்ளிக்கூட வாசலில் குடை மாதிரி நிற்கிற நம்ம நாட்டு வாதுமை வேறு மரம்.) பாதாம் இலையில் தழைச்சத்து 2.2 முதல் 2.5 வரை இருந்தால் போதுமானது என்பது அவர்கள் கணக்கு. அதற்கு மேல் உரம் கொட்டினால் காசும் வீண், நிலத்தடித் தண்ணீரும் கெடும். ஆனால் போரான் சத்தை மட்டும் பாதாம் இலை சரியாகச் சொல்லாது. அதற்கு அறுவடையில் காயின் மேல்தோலை ஆய்வு செய்கிறார்கள். எந்த மரத்தில், எந்த மாதத்தில், எந்த உறுப்பைக் கேட்டால் உண்மை சொல்லும் என்று தெரிந்துகொண்டு கேட்பதுதான் இதில் முக்கியம். ஒரு மரத்தின் எண்ணை இன்னொரு மரத்துக்குப் பொருத்தக்கூடாது.

குழுவாகச் செய்தால்

ஒருத்தி ஒரு உறையை எடுத்துக்கொண்டு பஸ் ஏறுவது சிரமம். பத்துப் பேர் உறையை ஒருத்தர் கொண்டுபோவது சுலபம். கோயம்புத்தூரில் உள்ள வேளாண்மைப் பல்கலைக்கழகத்தில் கட்டணம் பெற்று இலை மாதிரியை ஆய்வு செய்கிறார்கள். எல்லா மண் பரிசோதனை நிலையத்திலும் இலை ஆய்வு வசதி இருக்காது. அதனால் வேளாண்மை அல்லது தோட்டக்கலை அலுவலகத்திலோ, பட்டுக்கோட்டைக்குப் பக்கத்தில் இருக்கிற வேப்பங்குளம் தென்னை ஆராய்ச்சி நிலையத்திலோ, எங்கே அனுப்புவது, கட்டணம் என்ன என்று முதலில் கேட்டுக்கொள்ளுங்க. கிசான் கால் சென்டர் 1800-180-1551 இலவச எண். தமிழிலேயே பேசலாம்.

உறைகளைச் சேர்த்து அனுப்பலாம். ஓலைகளைச் சேர்க்கக் கூடாது. செலவு மிச்சம் என்று பத்துத் தோப்பு ஓலையையும் ஒன்றாகக் கலந்துவிடாதீங்க. பத்துப் பேர் ரத்தத்தைக் கலந்து பார்த்தால் யாருக்குச் சோகை என்று எப்படித் தெரியும்?

கூட்டமைப்பின் சார்பில் ஒரு யோசனை வைக்கிறோம். உரத்துக்கென்று உள்கடன் கேட்டு வருகிற மனுவோடு, இலை ஆய்வுச் சீட்டு அல்லது மண் பரிசோதனைச் சீட்டு இருந்தால், அந்தச் சீட்டையும் கடன் நோட்டில் ஒட்டி வைப்போம். இல்லாதவர்களுக்குக் கடன் கிடையாது என்று சொல்லவில்லை. ஆனால் "எந்த உரம், எவ்வளவு, ஏன்" என்று மூன்று கேள்வியைக் கூட்டத்தில் கேட்டு, பதிலைத் தீர்மான நோட்டில் எழுதுவோம். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த நோட்டே நமக்குப் பாடப்புத்தகம் ஆகிவிடும்.

உறுப்பினர்கள் கேட்டவை

"எங்க வீட்டுக் கொல்லையில் எட்டே மரம். நானும் அனுப்பணுமா?"

வேண்டாம். எட்டு மரத்துக்கு ஆய்வுச் செலவு கட்டுப்படியாகாது. உங்க மண்ணும் தண்ணீரும் போலவே இருக்கிற பக்கத்துத் தோப்பின் சீட்டைப் பாருங்க. பொது அளவில் உரம் வையுங்க. சாணம், சாம்பல், மட்டை இவற்றை விடாமல் கொடுங்க.

"குரும்பை கொட்டுவதெல்லாம் சத்துக் குறைவாலா?"

இல்லை. ஓரளவு குரும்பை உதிர்வது இயற்கை. தண்ணீர்ப் பற்றாக்குறை, மகரந்தம் சேராதது, பூச்சி, நோய் இவற்றாலும் கொட்டும். இலை ஆய்வு சத்துக் குறைவு உண்டா இல்லையா என்பதை மட்டும் தெளிவாக்கும். சத்து எல்லாம் சரியாக இருக்கு என்று சீட்டு வந்தால் அதுவும் லாபம்தான். வேறு காரணத்தைத் தேடலாம், உரத்துக்குப் பணம் இறைக்க வேண்டாம்.

"மரத்தடியில் செம்பழுப்பாகச் சாறு வடியுது, மட்டை தொங்குது. ஓலையை அனுப்பட்டுமா?"

அது தஞ்சாவூர் வாடல் நோயாக இருக்கலாம். அதற்கு இலை ஆய்வு வழி சொல்லாது. காத்திருக்காமல் வேளாண்மை அலுவலரை அழைத்துக் காட்டுங்க. அந்த மரத்துத் தண்ணீர் அடுத்த மரத்துப் பாத்திக்குப் பாயாமல் பார்த்துக்கொள்ளுங்க.

"வேரில் டானிக் கட்டினால் உரம் வேண்டாம்னு சொல்றாங்களே?"

டானிக் என்பது துணை. சோற்றுக்குப் பதிலாகச் சத்து மருந்து மட்டும் குடித்து யாரும் வாழ முடியாது இல்லையா? மரமும் அப்படித்தான். வாங்குவதாக இருந்தால் அதில் என்னென்ன சத்து எவ்வளவு இருக்கு என்று அச்சிட்டிருக்கா என்று பாருங்க, பில் கேட்டு வாங்குங்க. பில் தராத கடையில் வாங்காதீங்க.

சகோதரிகளே, வருகிற மாசி மாதத்தில் ஒவ்வொரு குழுவிலிருந்தும் ஒரு தோப்பிலாவது 14-ஆவது மட்டை ஓலையை எடுத்துப் பார்ப்போம். காய் பறிக்கிற தேதியைப் பிரதிநிதிகள் முன்கூட்டியே கேட்டு வையுங்க. ஊக்குநர்கள் காகித உறையும் பென்சிலும் தயாராக வைத்துக்கொள்ளுங்க. சீட்டு வந்ததும் கூட்டத்துக்குக் கொண்டுவாங்க, எல்லோரும் சேர்ந்து படிப்போம்.